பன்னீர்க் கொடியும் இராயபுரத்து ஜாடியும்

எங்க வீட்டுக் கொல்லையில இந்த மாசம் திராட்சை காய்ச்சிருக்கு. மூணே மூணு கொத்துதான். சடையங்குப்பத்துல திராட்சையான்னு நீங்க கேட்பீங்க. எங்க ஊர்க்காரங்களே எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், ராத்திரி ஆனா மணலி பக்கம் புகைபோக்கி உச்சியில எரியுற நெருப்பு. மழைக்காலத்துல வெள்ளம், வெயில் காலத்துல உப்பு. இந்த மண்ணுல நாலு பாத்தி கீரை எடுக்கிறதே பெரிய பாடு.

இந்த மூணு கொத்துக்குப் பின்னால ஒரு நீளமான கதை இருக்கு. இராயபுரத்துல ஆரம்பிச்சு, கம்பம் போயி, கிரீஸ், சீனா வரைக்கும் போயிட்டு வரும். டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

நான் கீரைக்கட்டு ஏத்திக்கிட்டு மொபெட்ல இராயபுரம் வரைக்கும் போய் வித்த காலம் ஒண்ணு உண்டு. அங்க ரயில்வேயில வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எனக்கு வாடிக்கை. அந்த வீட்டு ஆண்ட்டி வருஷா வருஷம் தீபாவளி முடிஞ்ச உடனே என்கிட்ட ஒண்ணு கேட்பாங்க. "தம்பி, எனக்குப் பத்து கிலோ பன்னீர் திராட்சை வேணும். விதை இருக்கணும். அந்த நீட்டுப் பச்சை கொண்டாந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

கோயம்பேட்டுல இருந்து வர்ற லோடுல நான் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போவேன். ஆண்ட்டி அதைக் கழுவி, வெள்ளைத் துணியில பரப்பி, ஈரம் போக உலர்த்துவாங்க. அப்புறம் பழுப்பு நிறப் பீங்கான் ஜாடியில போட்டு, கையாலயே நசுக்கி, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்து வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. தினமும் மரக்கரண்டியால ஒரு கிண்டு. 21 நாள் கழிச்சு வடிகட்டினா கிறிஸ்துமஸ் ஒயின். பிளம் கேக்கோட ஒரு சின்ன பாட்டில் எங்க வீட்டுக்கும் வரும். நான் குடிக்கிற பழக்கம் இல்லாதவன். என் வீட்டுக்காரி மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "கல்யாண வீட்டு வாசல்ல தெளிப்பாங்களே, அந்தப் பன்னீர் சொம்பு வாசம்யா இது"ன்னு சொல்வா.

விதை எதுக்கு ஆண்ட்டி, துப்பத்தானே வேணும்னு ஒரு தடவை கேட்டேன். "தோலும் விதையும் இல்லன்னா அது வெறும் சர்க்கரைத் தண்ணி தம்பி"ன்னாங்க. அன்னைக்கு எனக்கு அது புரியல.

பிற்பாடு பெரிய மகளைச் சுருளிப்பட்டியில கட்டிக் கொடுத்தோம். தேனி மாவட்டம், கம்பத்துக்குப் பக்கத்துல. சம்பந்திக்கு மூணு ஏக்கர், மூணும் பன்னீர் திராட்சைப் பந்தல். முதல் தடவை அந்தப் பந்தலுக்குள்ள குனிஞ்சு போனப்ப எனக்கு வாயே அடைச்சுப் போச்சு. வரிசையா கல்தூண், மேல கம்பி வலை, அது முழுக்க இலை. இலைக்குக் கீழ கருநீலமா தொங்குது கொத்து கொத்தா. ரெண்டு பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலை, வாய்க்கால்ல பெரியாத்துத் தண்ணி. இப்படி ஒரு தண்ணிய நான் எங்க ஊர்ல பார்த்தே பல வருஷம் ஆச்சு.

அங்க எனக்குப் புதுசா இருந்தது ஒண்ணு. குளிர் நாட்டுல திராட்சைக்கொடி பனிக்காலத்துல இலை உதிர்த்துட்டுத் தூங்கும், வருஷத்துக்கு ஒரே அறுப்புதான். கம்பத்துல குளிர் இல்ல, கொடி தூங்கவே தூங்காது. அதனால கவாத்து பண்ணித்தான் அதை எழுப்பணும். கத்திரி போட்ட நாள்ல இருந்து ஏறக்குறைய 4 மாசத்துல பழம். மார்கழி, தையில கவாத்து பண்ணினா சித்திரை பக்கம் ஒரு அறுப்பு, வைகாசி, ஆனியில பண்ணினா ஆவணி பக்கம் ஒரு அறுப்பு. கெட்டிக்கார விவசாயி 2 வருஷத்துல 5 அறுப்புகூட எடுத்துடுவாரு. ஊர்ல ஒருத்தர் தோட்டத்துல பழம் பழுக்கும்போது இன்னொருத்தர் தோட்டத்துல கவாத்து நடக்கும். வருஷம் முழுக்க எங்கயாவது பழம் இருந்துக்கிட்டே இருக்கும்.

இவ்வளவு இருந்தும் சம்பந்தி முகத்துல சந்தோஷம் இல்ல. நான் போன அந்த வாரம் அறுப்பு நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. பழம் வெடிச்சுப் போச்சு. ஏவாரி ஃபோனை எடுக்கல. மாப்பிள்ளை, கொடியைப் பிடுங்கிட்டுத் தென்னை வைக்கலாம்னு ஒரே பிடிவாதம். ராத்திரி திண்ணையில உட்கார்ந்து சம்பந்தி என்னைக் கேட்டாரு: "நீங்க மெட்ராஸ்காரரு. சொல்லுங்க சம்பந்தி, அங்கிட்டு இந்தப் பன்னீரை ஆரு வாங்குறாக? எல்லாரும் விதையில்லாததைத்தானே கேக்குறாகளாம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. சென்னையில பன்னீர்தான் வேணும்னு கேட்ட ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒருத்தங்க, இராயபுரத்து ஆண்ட்டி. அதைச் சொல்லவும் வெட்கமா இருந்துச்சு.

அந்தக் கேள்வி என்னை விடல. ஊருக்கு வந்ததும் சின்ன மகனைப் பிடிச்சேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். அப்பதான் தெரிஞ்சுது, நாம ரோட்டோரத் தள்ளுவண்டியில பார்க்கிற இந்தப் பன்னீர் திராட்சை என்ன வம்சம்னு.

இதோட உலகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். பேருல ஜெர்மனி ஊர் இருந்தாலும் பொறந்தது இங்கிலாந்துல. 1850 வாக்குல ஸ்னோன்னு ஒரு தோட்டக்காரர் ரெண்டு கொடியைக் கலந்து உண்டாக்கினது. ஒரு பக்கம் பிளாக் ஹாம்பர்க். லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768-ல நட்ட ஒரே கொடி இன்னமும் காய்ச்சுக்கிட்டு இருக்கே, அது இந்த ஜாதிதான். இத்தாலியோட வடக்கு மலைப்பக்கமும் ஜெர்மனியில வூர்ட்டம்பெர்க் பக்கமும் இதுல லேசான சிவப்பு ஒயின் பண்றாங்க. இன்னொரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. ரொம்பப் பழைய ரகம், ஸ்பெயின்ல மலாகா பக்கம் இனிப்பு ஒயினுக்குப் பேர் போனது. பன்னீரோட வாசம் அங்க இருந்து வந்ததுதான்.

இதுல ஒரு கணக்கை நான் கவனிச்சேன். 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்தார்னு எல்லாரும் எழுதுறாங்க. சேலம், மதுரைப் பக்கம் பாதிரிமாருங்க அந்தக் காலத்துல திராட்சை வச்சது சரிதான், பூசைக்குத் திராட்சை ரசம் வேணுமே. ஆனா இந்த ரகம் பொறந்ததே 1850 வாக்குலன்னா, 1832-ல வந்த கொடி வேற ஜாதியாத்தான் இருக்கணும். பன்னீர் அதுக்கப்புறம் வந்து சேர்ந்திருக்கு. மகன்கிட்ட சொன்னேன். "அப்பா, நீ எஸ்.எஸ்.எல்.சி.ன்னு யாரும் நம்ப மாட்டாங்க"ன்னான்.

சரி, இந்தப் பழத்தை மத்தவங்க என்ன பண்றாங்க? கிரீஸ் நாட்டுல தெசாலி பக்கம் டிர்னாவோஸ்னு ஒரு ஊர். அங்க சுத்துவட்டாரம் பூரா நம்ம பன்னீர்தான். அதுல ஒயின் பண்றாங்க, பிழிஞ்ச சக்கையைக் காய்ச்சி சிபுரோன்னு ஒரு சரக்கும் இறக்குறாங்க. பிரான்சுல வெந்தூ மலைப்பக்கம் இதைச் சாப்பிடுற பழமா, ஊர்ப்பேரு முத்திரையோட விக்கிறாங்க. சீனாவுல தியான்ஜின் நகரத்துப் பக்கம் 1980-ல ஒரு பிரெஞ்சுக் கம்பெனியோட கூட்டு சேர்ந்து ஒயின் ஆலை வச்சப்ப, இந்தக் கருப்புப் பழத்துல இருந்துதான் வெள்ளை ஒயின் எடுத்தாங்க. எப்படின்னா, நிறம் இருக்கிறது தோல்ல மட்டும்தான். தோலைச் சேர்த்து ஊறவிடாம உடனே பிழிஞ்சா சாறு வெளுப்பாத்தான் வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் சீனாக்காரங்க வச்ச பேரு. அவங்க மொழியில அதுக்கு அர்த்தம் ரோஜா வாசம். நாம பன்னீர்னு சொல்றோம். அவங்க ஊர்ல ஒரு விவசாயியும் நம்ம ஊர்ல ஒரு விவசாயியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலேயே ஒரே பழத்தை மோந்துட்டு ஒரே பேரை வச்சிருக்காங்க.

ஆண்ட்டி சொன்னதும் அப்பதான் புரிஞ்சுது. சாறுல இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் சாராயமா மாத்துது. நிறம் தோல்ல இருந்து, துவர்ப்பு தோல்லயும் விதையிலயும் இருந்து. கடையில சாப்பிடறவங்களுக்குக் குறையாத் தெரியுற விதையும் கெட்டித்தோலும் ஜாடிக்குள்ள போனா சொத்து.

பன்னீர் மட்டும் இல்லீங்க. பெங்களூர் நீலம்னு ஒரு திராட்சை, சின்னதா கருப்பா, வாயில போட்டா தோல் தனியா கழண்டு வரும், பார்த்திருப்பீங்க. சிக்கபள்ளாப்பூர், தொட்டபள்ளாப்பூர், கோலார் பக்கம் விளையுது. ஜூஸ் கடையில கருஊதா நிறத்துல வர்றது பெரும்பாலும் அதுதான். அதோட உண்மைப் பேரு இசபெல்லா, அமெரிக்கா வம்சம். பிரான்சுல 1934-ல சட்டம் போட்டு, இசபெல்லாவுல பண்ணின ஒயினை விக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா ஆஸ்திரியாவுல பர்கன்லாந்து பக்கத்துச் சின்ன விவசாயிங்க விடாம ஊஹுட்லர்ங்கிற பேருல அந்த மாதிரிக் கொடிகள்ல இன்னமும் ஒயின் பண்றாங்க. நம்ம கோவாவோட இனிப்பு போர்ட் ஒயினுக்கும் பெங்களூர் நீலம்தான் போகுது. பெங்களூர் பக்கத்துல ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல அதை வேற கொடிகளோட கலந்து அர்க்கா ஷ்யாம், அர்க்கா திருஷ்ணான்னு ஒயினுக்கு ஏத்த ரகமும் கொண்டு வந்தாங்க. ஆனா நாசிக் பக்கம் பெரிய ஒயின் தோட்டங்கள் வந்தப்ப அவங்க நட்டது பிரான்சுக்காரங்க பேரெடுத்த ரகங்களைத்தான். பாட்டில்ல பேரைப் பார்த்து வாங்குறவங்களுக்குப் பேரு வேணுமே.

இதையெல்லாம் சம்பந்திக்கு ஃபோன்ல சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சாரு. "ஏன் சம்பந்தி, அப்ப நம்ம பன்னீரு கிரீஸ்ல பெரிய ஆளா? இங்கிட்டு ஏவாரி அதை நாயா மதிக்கிறானே." சிரிச்சாலும் அவரு சொன்னதுல ஒரு கணக்கு இருக்கு. திராட்சை மாம்பழம் மாதிரி பறிச்சப்புறம் பழுக்காது. பறிச்ச நாலஞ்சு நாள்ல வித்தாகணும். விதை இருக்கிறதால உலர்த்தி கிஸ்மிஸ் பண்ணினாலும் எடுபடாது. அப்ப ஏவாரி சொல்றதுதான் விலை. டிர்னாவோஸ் விவசாயிக்கு ஆலைன்னு இன்னொரு வாசல் இருக்கு. கொத்து சிறுசு பெருசுன்னு பார்க்காம, இனிப்பு இருந்தா எடுத்துக்குவாங்க. சுருளிப்பட்டி விவசாயிக்குப் பெரும்பாலும் இருக்கிறது லாரி ஏறுற வாசல்தான். பழம் ஒண்ணுதான், வாசல் எத்தனைங்கிறதுலதான் வித்தியாசம்.

2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. சுமார் 2000 ஏக்கர்ல விளையுதுன்னு பத்திரிகையில போட்டாங்க. சம்பந்தி அந்தப் பேப்பரை வெட்டி சாமி படத்துப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காரு. விலை அதே விலைதான்.

இங்க ஒரு சின்ன சமாச்சாரம் சொல்லணும். நம்ம விவசாயிங்க எல்லாருக்கும் போர்டோ கலவை தெரியும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி. கலந்ததும் அரிவாளை முக்கிப் பார்ப்போம், செம்பு நிறமா படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்போம். போர்டோங்கிறது ஏதோ மருந்துக் கம்பெனி பேருன்னு 30 வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது பிரான்சுல ஒயினுக்குப் பேர்போன ஊர். அங்க ரோட்டோரத் தோட்டக்காரங்க, வழிப்போக்கருங்க பழத்தைத் திருடாம இருக்க இந்தக் கலவையைத் தெளிச்சு நீலமா பூசி வச்சிருக்காங்க. அந்த வரிசையில மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் கவனிச்சு 1885-ல உலகத்துக்குச் சொன்னார். திருடனுக்குப் பயந்து வச்சது நோய்க்கு மருந்தாச்சு. எங்க நைனா வெத்தலைக் கொடிக்கு அதைத்தான் தெளிச்சாரு.

இப்ப என் கொல்லைக்கு வரேன். சம்பந்தி வீட்டுல இருந்து ஒரு குச்சி கொண்டாந்து நட்டேன். துளிர்த்துச்சு, ரெண்டு அடி போச்சு, அப்புறம் இலை ஓரமெல்லாம் தீயில காட்டின மாதிரி கருகிச் செத்துப் போச்சு. இன்னொரு குச்சி வச்சேன். அதுவும் அப்படியே. எங்க கிணத்துத் தண்ணியில உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி ஏறுதுன்னு 1960-கள் கடைசியிலேயே கண்டுபிடிச்சிட்டாங்க. உறிஞ்சினவங்க நிறுத்தல. கொஞ்சம் கொஞ்சமா எங்க பக்கம் கேணி எல்லாம் கரிச்சுப் போச்சு.

மூணாவது தடவை சம்பந்தியே ஒட்டுக்கன்னு அனுப்பினாரு. மேல பன்னீர், கீழ வேர் மட்டும் டாக்ரிட்ஜ். அது அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கத்துக் காட்டுக்கொடி. அதோட பழத்தை யாரும் தேடிப் போய்ச் சாப்பிடறதில்ல. ஆனா வேரு உப்பையும் வறட்சியையும் தாங்கும். மகாராஷ்டிராவுல உப்பு மண்ணுல திராட்சை நிக்கிறதே இந்த வேராலதான். அதுக்கும் முன்னாடி, 1860-களுக்கு மேல பிரான்சுல வேர்ப்பூச்சி வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சப்ப, அவங்களைக் காப்பாத்தினதும் அமெரிக்கக் காட்டுக்கொடி வேருதான். இன்னைக்கும் ஐரோப்பாவுல பெரிய பேரு வச்ச ஒயின் கொடி பெரும்பாலும் அடுத்தவன் வேர்லதான் நிக்குது.

அதைக் கேட்டதும் எனக்கு நைனா ஞாபகம் வந்துடுச்சு. அவரு ஆத்தோரத் துண்டுல வருஷா வருஷம் வாடன் சம்பா போடுவாரு. விளைச்சல் கம்மி, ஆனா தண்ணி கொஞ்சம் கரிச்சாலும் எங்க துண்டுல நின்னு கதிர் விட்டுச்சு. குட்டை நெல்லு வந்ததும் நான்தான், "இதைக் கட்டிக்கிட்டு அழாத நைனா"ன்னு சொல்லி மாத்தினேன். நாலு வருஷம் நல்லா விளைஞ்சுது. உப்பு ஏறினதும் குட்டை நெல்லு சுருண்டு படுத்துடுச்சு. சரி, பழைய விதையை எடுப்போம்னு குதிரைத் திறந்தா எலிப்புழுக்கைதான் இருந்துச்சு. ஊர்ல யார்கிட்டயும் இல்ல. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர்கிட்ட இருக்கும்னு நினைச்சு விட்டுட்டோம். அந்தத் துண்டுல அப்புறம் நெல்லு வரல.

மாப்பிள்ளைகிட்ட நான் சொன்னது இது ஒண்ணுதான். கிரீஸ் கதையைச் சொல்லி அந்தப் புள்ளையோட கடனை அடைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். பிடுங்கணும்னா பிடுங்குங்க, ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடுங்காதீங்க, நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்கன்னேன். ரெண்டு ஏக்கர் தென்னைக்குப் போயிடுச்சு. ஒரு ஏக்கர் பந்தல் நிக்குது. மாப்பிள்ளை இப்பக்கூட என்மேல கொஞ்சம் கோபமாத்தான் இருக்காரு. கவாத்துக்கு மட்டும் சரியா வந்துடுறாரு.

இராயபுரத்து ஆண்ட்டி இப்ப அங்க இல்ல. மகன் ஆஸ்திரேலியாவுக்கு அழைச்சுக்கிட்டுப் போயிட்டான். போறதுக்கு முன்னாடி அந்தப் பழுப்பு ஜாடியை எங்க வீட்டுல கொடுத்துட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரி அதுல மாங்காய் ஊறுகாய் போட்டு வச்சிருக்கா. எத்தனை தடவை கழுவினாலும் அடியில லேசா அந்த வாசம் இருக்குன்னு சொல்றா. எனக்கு மாங்காய் வாசம்தான் வருது.

இந்த மூணு கொத்துல ஒண்ணைக் குருவிக்கு விட்டாச்சு. ஒண்ணைப் பேரன் வர்றப்ப பறிக்கணும். இன்னொண்ணைப் பறிச்சுச் சாப்பிட்டோம். கம்பத்துப் பழம் அளவுக்கு இனிப்பு இல்ல. ஆனா வாசம் வந்துச்சு.

அடுத்த தடவை தள்ளுவண்டியில விதையுள்ள கருப்புத் திராட்சை இருந்தா, ஒரு கால் கிலோ வாங்கி மோந்து பாருங்க. எந்த ஊர்ப் பழம்னும் வண்டிக்காரர்கிட்ட கேளுங்க. சரி, பசு கத்துது, தண்ணி காட்டணும். அடுத்த வாரம் பார்ப்போம்.